இரத்தினபுரியில் பிறந்த பாட்டு

இரத்தினபுரி என்ற பெயரைக் கேட்டதும் யாவருக்கும் நினைவுக்கு வருவன மாணிக்கக் கற்களே. நீலம், பதுமராகம், புட்பராகம் என்று உலகச் சந்தையில் மதிப்புப் பெற்ற கற்களை இந்நகரைச் சூழ்ந்த வயல்களும் ஆற்றங்கரைகளும் பல நூற்றாண்டுகளாகத் தந்து வருகின்றன. ஆயினும், இதே மண்ணில் தோன்றி நாடெங்கும் பரவிய மற்றொரு செல்வத்தைப் பற்றி நம்மவர் அதிகம் பேசுவதில்லை. அது பாட்டுச் செல்வம்.

1966 ஆம் ஆண்டில் இரத்தினபுரியில் சில இளைஞர்கள் ஒன்றுகூடினார்கள். கையில் கிட்டாரை ஏந்தித் தம் நெஞ்சில் பட்டதைத் தம் வீட்டில் பேசும் மொழியிலேயே பாடினார்கள். தம் குழுவுக்கு அவர்கள் இட்ட பெயர் 'மூன்ஸ்டோன்ஸ்'. அதாவது 'சந்திரகாந்தக் கற்கள்'. நீலத்தோடும் பதுமராகத்தோடும் ஒப்பிட்டால் சந்திரகாந்தம் விலை குறைந்த கல்லே. எனினும் அதன் உள்ளே மெல்லிய நிலவொளி ஒன்று அசைந்துகொண்டிருக்கும். குழுவின் பாட்டுக்கும் அப்பெயர் நன்கு பொருந்திற்று. அதில் முன்னின்றவர் இருவர்: ஒருவர் கிளாரன்ஸ் விஜேவர்தன, மற்றவர் அனெஸ்லி மாலேவன.

சிங்களப் பாடகர் ஒருவரைப் பற்றித் தமிழ்ப் பத்திரிகையில் விரித்து எழுதுவானேன் என்று வாசகர்களுட் சிலர் வினவலாம். அதற்கு இரண்டு காரணங்கள் உள. கிளாரன்ஸ் நம்மைப்போல மலையைப் பார்த்து வளர்ந்தவர், தோட்ட வாழ்வை அருகிலிருந்து கண்டவர் என்பது ஒன்று. மற்றது நாம் இழைத்த ஒரு தவறு. அதனைப் பின்னர்ச் சொல்வோம்.

மலைநாட்டுப் பிள்ளை

கிளாரன்ஸ் விஜேவர்தன 1943 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 3 ஆந் தேதி அப்புத்தளையிற் பிறந்தார். அப்புத்தளையை அறிந்தவர்களுக்கு அவ்வூரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மலைத்தொடரின் விளிம்பில் நிற்கும் ஊர் அது. ஒரு பக்கம் தேயிலை மலைகள். மறு பக்கம் கண்ணுக்கெட்டிய தூரம் தெற்கே சரிந்து செல்லும் சமவெளி. காலையில் வெயில், மதியத்துக்கு மேல் மூடுபனி. இந்தச் சூழலில் வளரும் பிள்ளையின் காதில் சிங்களமும் தமிழும் ஆங்கிலமும் ஒருங்கே விழும். கொழுந்துக் கூடை சுமந்து வருவோரின் பேச்சும், பன்சாலை மணியும், தேவாலயத்துப் பாட்டும், மாரியம்மன் கோயில் தப்பொலியும் அங்கே ஒரே காற்றில் கலந்து வருவன.

வளர்ந்த பின்னர் அவர் தோட்டத்தொழிலை மேற்கொண்டு இரத்தினபுரிப் பகுதிக்கு வந்தார். தோட்டத்தில் இளம் உத்தியோகத்தர் ஒருவரின் நாள் எவ்வாறு செல்லும் என்பதைச் சப்பிரகமுவவிற் பிறந்த எவரும் அறிவர். விடியுமுன் பிரட்டுக்களம், பின்னர் மலையேற்றம், மதியம் கொழுந்து நிறுவை, மாலையில் கணக்கு. அதன்பின் வருவது நீண்டதோர் இரவு. மழையோ ஓயாது. இந்நாட்டிற் பெருமழை பெய்யும் பகுதிகளுள் இரத்தினபுரி ஒன்றல்லவா? அப்படிப்பட்ட இரவுகளில் ஓர் இளைஞனுக்குக் கிட்டார் கிடைத்துவிட்டால் அதுவே துணையாகிவிடும். இரத்தினபுரியில் அனெஸ்லி மாலேவனவின் நட்பும் வாய்த்தது. பாட்டு இயற்றுபவர் ஒருவரும் பாடும் குரலுடையவர் ஒருவரும் சந்தித்ததனால் குழு பிறந்தது.

அன்றைய இசையுலகம்

இவர்கள் செய்த புதுமை யாது என்பதை உணர வேண்டுமானால், அதற்கு முன் நாட்டில் இருந்த பாட்டின் நிலையைச் சிறிது நோக்க வேண்டும்.

முதற் சிங்களப் பேசும்படமான 'கடவுனு பொறொந்துவ' 1947 இல் வெளிவந்தது. அது படமாக்கப்பட்டது எங்கே தெரியுமா? நம் மதுரையில்! அதனைத் தயாரித்தவர் எஸ். எம். நாயகம் என்ற தமிழர். அக்காலம் முதல் சிங்களத் திரைப்பாட்டுகள் பெரும்பாலும் தமிழ், இந்தி மெட்டுகளையே பின்பற்றி அமைந்தன. ஆர். முத்துசாமி, எம். ரொக்சாமி ஆகியோர் சிங்களத் திரைக்கு இசையமைத்துப் புகழ் பெற்றனர். சேலத்திற் பிறந்த மொஹிதீன் பேக் சிங்களப் பாடகராய் விளங்கினார். முஸ்லிமாகிய அவர் பாடிய பௌத்த பக்திப் பாட்டு இன்றும் வெசாக் காலத்தில் ஒலிக்கின்றது. சிங்கள இசையை வளர்த்த கைகளில் தமிழ்க் கைகளும் இருந்தன என்பதை நம் மாணவர்கள் அறிந்திருத்தல் நன்று.

இரவல் மெட்டு வேண்டாம், நம் மொழியின் ஓசைக்கேற்ற இசை வேண்டும் என்று கிளம்பியவர்களுள் சுனில் சாந்த முதன்மையானவர். 1956 இல் வந்த 'ரேகாவ' படத்தின் பாட்டுகள் அவ்வழியிற் பிறந்தவை. ஒருபுறம் அமரதேவ போன்றோர் வடஇந்திய இராகங்களையும் நாட்டார் ஓசைகளையும் இணைத்துச் செவ்விய பாட்டுகளை வளர்த்தனர். மறுபுறம், போர்த்துக்கேயர் காலத்து ஆட்டப் பாட்டின் வழியில் வந்த பைலா, கல்யாண வீடுகளிலும் உல்லாசப் பயணங்களிலும் கொடிகட்டிப் பறந்தது. இவற்றுக்கிடையே, 1960களின் தொடக்கத்தில், தென்னமெரிக்கப் பாணியில் தொப்பியணிந்து கிட்டார் மீட்டும் இளைஞர் குழுக்கள் கொழும்பில் தோன்றின. அவற்றின் பெயர்களே ஸ்பானிய மொழியில் இருந்தன!

கடல் கடந்த நாடுகளிலும் அப்போது பெரிய மாற்றம் நிகழ்ந்துகொண்டிருந்தது. இங்கிலாந்தில் பீட்டில்ஸ் என்ற நால்வரும், அமெரிக்காவில் பொப் டிலனும், 'பாட்டை எழுதுபவன் ஒருவன், மெட்டமைப்பவன் ஒருவன், பாடுபவன் மற்றொருவன்' என்றிருந்த வழக்கத்தை உடைத்தனர். தன் பாட்டைத் தானே எழுதித் தானே பாடுதல் என்பது றொக் இசையின் அடையாளமாயிற்று. பாடகன் நடிகனாய் நிற்பதை விட்டுத் தன் மனத்தைத் தானே திறந்து காட்டும் மனிதனாய் நிற்கத் தலைப்பட்டான்.

கிளாரன்ஸ் இந்தப் பேரலையைக் கண்டார். ஆனால் அவர்களுடைய பாட்டை அப்படியே எடுத்துச் சிங்களச் சொற்களைப் பொருத்தவில்லை. கருவியை மட்டும் எடுத்துக்கொண்டார். சிங்களப் பாட்டில் மின் கிட்டாரை முன்னிறுத்திய முன்னோடி என்று அவரைக் கூறுவர். கருவி மேலைநாட்டது, சொல்லும் பொருளும் இந்த மண்ணினுடையவை. அவருடைய வெற்றியின் அடிப்படை இதுவே என்று நாம் கருதுகிறோம்.

நெஞ்சில் உள்ளது நாவில்

மூன்ஸ்டோன்ஸ் குழுவுக்கு வானொலியின் வாயிலைத் திறந்துவிட்டவர் இலங்கை வானொலியின் புகழ்பெற்ற அறிவிப்பாளர் விஜய கொரயா. பின்னர் ஜெரல்ட் விக்கிரமசூரிய நடத்திய 'சூரியா' இசைத்தட்டு நிறுவனம் இத்தகைய இளைஞர்களின் பாட்டுகளைச் சிறிய இசைத்தட்டுகளாக வெளியிட்டு வீடுதோறும் கொண்டுசேர்த்தது. 'மூன்று சகோதரிகள்' என்று பெயர் பெற்ற பாடகியருள் ஒருவரான இந்திராணி பெரேராவும் இக்குழுவோடு பாடினார். இரத்தினபுரியிலிருந்து புறப்பட்ட இளைஞர்களின் குரல் ஓரிரண்டு ஆண்டுகளில் நாடெங்கும் கேட்கலாயிற்று.

அப்பாட்டுகளின் பொருள்தான் என்ன? 'மேங்கோ களு நெந்தே' என்று ஒன்று. மாங்காய் விற்கும் கறுத்த அத்தை ஒருத்தியைப் பற்றியது. மாங்காய்க்காரியைப் பற்றியும் ஒரு பாட்டா என்று அன்று இசை விற்பன்னர்கள் முகஞ்சுளித்திருக்கலாம். ஆனால் அப்படிப்பட்ட அத்தை இல்லாத சந்தி இந்நாட்டில் எங்கே இருக்கிறது? கேட்டவர் ஒவ்வொருவரும் தம் ஊர்ச் சந்தியை நினைத்துக்கொண்டனர். 'தில்ஹானி' என்று மற்றொன்று. பெயரின் இனிமை ஒன்றே நெஞ்சிற் பதியும்படி அதனை அவர் விளிக்கிறார். 'கமென் லியுமக்' என்று இன்னொன்று. ஊரிலிருந்து கடிதம் ஒன்று என்பது அதன் பொருள். வேலைக்காக வீட்டை விட்டு வந்து வாடகை அறையில் வாழும் எவனுக்கும் அத்தலைப்பு ஒன்றே போதும், தொண்டை அடைத்துக்கொள்ள.

இந்துக்களாகிய நமக்கு அணுக்கமான பாட்டொன்றும் இக்குழுவினருடையதாக உண்டு. 'கந்த சுரிந்துனி' என்பது அது. கதிர்காமத்துக் கந்தனைச் சிங்கள மக்கள் பக்தியோடு அழைக்கும் பெயர் அது. கந்தன் நமக்கும் உரியவன், அவர்களுக்கும் உரியவன். கிட்டார் ஒலியோடு அவன் பெயரைக் கேட்டபோது முதலில் நமக்குச் சிறிது வியப்பாகவே இருந்தது. பின்னர், காவடிச் சிந்தின் துள்ளலில் அவனை அழைத்த நம் முன்னோரும் தத்தம் காலத்துக் கருவியையே கையாண்டனர் என்று எண்ணித் தெளிந்தோம்.

இப்பாட்டுகளில் பண்டிதச் சொல் இல்லை; உவமை அடுக்கு இல்லை. மூன்று நான்கு சுரக்கட்டுகளுக்குள் அடங்கும் மெட்டு. ஒரு முறை கேட்டால் கூடவே பாடத்தக்க பல்லவி. இவற்றை எளியவை என்று தள்ளிவிடுதல் எளிது. ஆனால் எழுதிப் பார்ப்பவனுக்கே அதன் அருமை விளங்கும். துயரம் வந்தபோது துயரம் என்று சொல்லவும், ஆசை வந்தபோது வெட்கத்தோடு ஆசை என்று சொல்லவும், தாயை நினைத்தபோது அலங்காரமின்றி அம்மா என்று அழைக்கவும் துணிவு வேண்டும். பெரிய சொற்கள் பல வேளைகளில் நம் மனத்தை மறைக்கும் திரையாகிவிடுகின்றன. சிறிய சொல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள இடமில்லை.

சேர்ந்ததும் பிரிந்ததும்

இசைக்குழுக்களின் வரலாறு கூட்டுக் குடும்பத்தின் வரலாற்றைப் போன்றது. சேர்தலும் பிரிதலும் மீண்டும் சேர்தலும் அதில் இயல்பு. 1970களின் தொடக்கத்தில் கிளாரன்ஸ் மூன்ஸ்டோன்ஸ் குழுவை விட்டு நீங்கிக் 'கோல்டன் சைம்ஸ்' என்ற குழுவை அமைத்தார். பிறகு பழைய நண்பர் அனெஸ்லியோடு மீண்டும் இணைந்து 'சுப்பர் கோல்டன் சைம்ஸ்' என்ற பெயரிற் பாடினார். பிற்காலத்தில் 'மதாரா' என்ற குழுவையும் நடத்தினார். பெயர்கள் மாறின, பாட்டின் குணம் மாறவில்லை.

திரையுலகமும் அவரை அழைத்தது. இயக்குநர் எச். டி. பிரேமரத்னவின் முதற் படமான 'சிக்குருலியா' 1975 இலும், 'அபேக்ஷா' 1978 இலும் அவருடைய இசையோடு வெளிவந்தன. ஒரு காலத்தில் வெளிநாட்டு மெட்டுகளை இரவல் வாங்கிய திரை, இரத்தினபுரியிற் கிட்டார் மீட்டத் தொடங்கிய இளைஞரிடம் வந்து புது மெட்டுக் கேட்டது.

1996 ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 13 ஆந் தேதி கிளாரன்ஸ் காலமானார். அப்போது அவருக்கு வயது 53. அவருக்குப் பின் வந்த இளைஞர் குழுக்கள் பலவும் அவருடைய பாட்டுகளை மேடையில் ஒரு முறையேனும் பாடாமல் விட்டதில்லை. சிங்களப் பொப் இசையின் தந்தை என்று அவரைச் சிலர் அழைக்கின்றனர்.

எம் சிறுபராயத்தில், இரத்தினபுரிக்குச் செல்லும் தனியார் பஸ்களில் ஒலிநாடாவாக அவர் குரல் சுழன்றுகொண்டே இருக்கும். மொழி முழுவதும் விளங்காத வயது. எனினும் பஸ் மலை வளைவில் திரும்புகையில் அந்தக் குரல் ஏதோ ஒன்றை நினைத்து ஏங்குகிறது என்பது மட்டும் எமக்கு விளங்கியது. அருகில் அமர்ந்திருந்த எம் அப்பாயி, சிங்களம் கடைச்சாமான் வாங்கும் அளவுக்கே அறிந்தவர், "பாவம், வீட்ட நெனச்சுப் பாடுறான்" என்றார்.

அதே ஆண்டுகளில் நம் லயங்களில்

இங்கே நாம் சிறிது நின்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். மூன்ஸ்டோன்ஸ் குழு இரத்தினபுரியிற் பாடத் தொடங்கிய அதே காலத்தில் அதைச் சுற்றியிருந்த தோட்ட லயங்களில் நிகழ்ந்துகொண்டிருந்தது என்ன?

1964 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. 1948 ஆம் ஆண்டின் சட்டத்தால் குடியுரிமை இழந்து நின்ற நம் மக்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்குவதென்றும் இரு அரசுகளும் முடிவு செய்தன. அதன்பின் வந்த ஆண்டுகளில் குடும்பங்கள் இரண்டாகப் பிரிந்தன. அண்ணன் இங்கே, தம்பி அங்கே. தகரப் பெட்டியோடு தலைமன்னாருக்குப் புறப்பட்டுக் கப்பலேறிய உறவினரை வழியனுப்பிய குடும்பங்கள் எத்தனை! இரயில் நகரும்போது எழுந்த ஓலத்தைக் கேட்டவர்கள் அதை வாழ்நாளில் மறந்ததில்லை. அதன்பின் 'ஊரிலிருந்து கடிதம்' என்பது நம் லயங்களில் ஒவ்வொரு காம்பராவின் ஏக்கமும் ஆயிற்று. எந்தப் பக்கம் ஊர் என்பதே தெரியாத ஏக்கம் அது.

1977 இலும் 1983 இலும் நிகழ்ந்த வன்செயல்களில் சப்பிரகமுவத் தோட்டங்களும் தப்பவில்லை. பிறந்த லயத்தை விட்டு வவுனியா முதலிய இடங்களுக்குப் பெயர்ந்த குடும்பங்கள் பல. பஸ்ஸில் ஒலித்த இனிய பாட்டு எவருடைய கையையும் தடுத்து நிறுத்தவில்லை என்பதையும் இங்கே ஒளியாது சொல்ல வேண்டும். இசை இனங்களை இணைக்கும் என்று மேடைகளில் எளிதாகப் பேசிவிடுகிறோம். இசை கதவைத் திறக்கும். உள்ளே நுழைவதும் நுழையாததும் மனிதரின் பொறுப்பு.

இத்தனை துயரையும் நம்மவர் பாடவில்லையா? பாடினார்கள். நிறையவே பாடினார்கள். கொழுந்து மலையிலும், தாலாட்டிலும், இழவு வீட்டு ஒப்பாரியிலும், காமன் கூத்திலும் தம் வாழ்வைப் பாடினார்கள். கங்காணியின் கொடுமையையும், கடன் கணக்கையும், கடல் கடந்து வந்த கதையையும் மறைக்காமற் பாடினார்கள். தொழிற்சங்க முன்னோடி கோ. நடேசையரும் அவர் துணைவியார் மீனாட்சி அம்மையாரும் பாட்டையே பிரசாரக் கருவியாகக் கொண்டு தோட்ட மக்களிடையே சென்றனர். அம்மையார் மேடையிற் பாடினால் கூட்டம் தானே சேரும் என்பர். கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை தோட்டம் தோட்டமாகச் சென்று நாட்டார் பாடல்களைத் தொகுத்து வைத்தார். அவர் அதைச் செய்யாதிருந்தால் அவற்றுட் பல இன்று மண்ணோடு மண்ணாகியிருக்கும்.

1960களின் பிற்பகுதியிலிருந்து ஈழத்துத் தமிழிலும் பொப் இசை எழுந்தது. நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே' என்ற பாட்டை முணுமுணுக்காத தமிழ் இளைஞர் அன்று இல்லை. ஏ. ஈ. மனோகரனின் 'சுராங்கனி' கடல் கடந்து தமிழ்நாட்டையும் ஆட்டுவித்தது. ஆனால் அந்த அலையிலும் லயத்து வாழ்வு பெரிதும் ஏறவில்லை. நம் பாட்டி ஒப்பாரியிற் கண்ட உண்மையும், கிட்டார் பிடித்த இளைஞனின் துடிப்பும் சந்திக்காமலே போயின. கிளாரன்ஸுக்குக் கிடைத்த வானொலி வாயிலும் இசைத்தட்டும் நம் மலைப் பாட்டுக்குக் கிடைக்காமற் போயின என்பது முழு உண்மைதான். ஆனால் குறை முழுவதும் வெளியில் மட்டும் இருந்ததா? இங்கேதான் எம் தவறு வருகின்றது.

நாம் வெட்டிய சொற்கள்

சில ஆண்டுகளுக்கு முன் எம் மாணவன் ஒருவன் பாட்டொன்று எழுதிக் கொண்டுவந்தான். றப்பர்த் தோட்டத்துப் பிள்ளை. கல்லூரிக் கலைவிழாவில் அதைக் கிட்டாருடன் பாட வேண்டும் என்பது அவன் ஆசை. பாட்டின் பொருள் அவனுடைய தாய். விடியுமுன் அவர் எழுந்து லயத்து வாசலில் நின்று வானத்தைப் பார்க்கிறார். மழை பெய்தால் பால் வெட்ட இயலாது. மரம் நனைந்தால் வேலை இல்லை. வேலை இல்லையேல் அன்றைக்குப் பேர் இல்லை. வெட்டிய பால் சிரட்டையிற் சொட்டுச் சொட்டாய் விழும் ஓசையையும், பேர் விழாத நாளில் தாய் ஒன்றும் பேசாமல் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருப்பதையும் அவன் எழுதியிருந்தான்.

நாம் என்ன செய்தோம்? சிவப்பு மை எடுத்தோம். 'லயம்' என்பதை வெட்டி 'இல்லம்' என்று எழுதினோம். 'பேர்' என்பதை 'ஊதியம்' ஆக்கினோம். 'சிரட்டை' மேடைக்கு அழகன்று என்று 'கிண்ணம்' ஆக்கினோம். பேசாமல் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்த தாயை, விழிநீர் பெருக்கும் தியாகச் சுடராக மாற்றினோம். அவன் ஒன்றும் சொல்லாமல் வாங்கிச் சென்றான். விழாவில் அழகாகவே பாடினான். பரிசும் கிடைத்தது. அவனுடைய தாயார் பின்வரிசையில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் நாம் அவனைப் பாராட்டி, "அம்மா என்ன சொன்னார்?" என்று கேட்டோம். அவன் சிறிது தயங்கினான்.

"நல்லா இருந்திச்சுன்னாங்க, சேர். ஆனா 'இது யாரோட அம்மாவப் பத்தின பாட்டு தம்பி?'ன்னு கேட்டாங்க."

அவ்வளவுதான். அதற்கு நாம் மறுமொழி கூறவில்லை, கூறவும் இயலவில்லை. தன்னைப் பற்றி மகன் எழுதிய பாட்டில் தன்னையே அத்தாய் காணவில்லை. காணாதபடி செய்தவர்கள் நாம். அதன்பின் அம்மாணவன் எம்மிடம் பாட்டெதுவும் கொண்டுவரவில்லை. படிப்பை முடித்துக்கொண்டு பலரையும் போலக் கொழும்புக்கு வேலைக்குச் சென்றுவிட்டான்.

கிளாரன்ஸின் பாட்டுகளை மீண்டும் உட்கார்ந்து கேட்கும் எண்ணம் எமக்கு அதன் பிறகே வந்தது. மாங்காய்க்காரியை எவரும் கனி வணிக மாதாக மாற்றாததனாலேயே அவள் அரை நூற்றாண்டுக்கு மேலாகப் பாட்டில் வாழ்கிறாள். பஸ்ஸில் எம் அப்பாயிக்கு மொழி விளங்காமலே பாட்டு விளங்கியது. எம் மாணவனின் தாய்க்கோ தாய்மொழியிலேயே பாட்டு விளங்கவில்லை. இவ்விரண்டுக்கும் இடையேயுள்ள வேறுபாடு உண்மை ஒன்றே.

இரத்தினபுரியின் மாணிக்கக் குழிகளில் ஒரு வழக்கு உண்டு. குழி தோண்டுவோர் சேற்றையும் களிமண்ணையும் கடந்து ஆழத்திற் சென்றால், கல் கலந்த சரளை மண் படை ஒன்று தென்படும். அதனைச் சிங்களத்தில் 'இல்லம்' என்கின்றனர். அந்த மண்ணைக் கூடையில் இட்டு நீரில் அலசினால்தான் கல் தெரியும். நாம் நம் மாணவனின் பாட்டில் எழுதிய 'இல்லம்' அகராதியில் உள்ளது. அவனுடைய 'லயம்' என்ற சொல்லே கல் கலந்த மண்ணாக இருந்தது. அலசிப் பார்க்காமலே அதை வெளியே கொட்டிவிட்டோம்.

பெற்றோருக்கும் மாணவருக்கும்

பெற்றோர்க்கு நாம் கூற விரும்புவது ஒன்று. வீட்டில் பாட்டியோ அப்பாயியோ இருந்தால், அவர்கள் அறிந்த தாலாட்டையும் ஒப்பாரியையும் பாடச் சொல்லிப் பிள்ளைகளைக் கேட்கச் செய்யுங்கள். அன்று வேலுப்பிள்ளை அவர்கள் பென்சிலும் தாளும் கொண்டு மலையேற வேண்டியிருந்தது. இன்று கைத்தொலைபேசி ஒன்றே ஒலிப்பதிவுக்குப் போதும். எம் அப்பாயியின் குரலை நாம் பதிந்து வைக்கவில்லை. அவர் போனதோடு அவர் பாடிய பாட்டுகளும் போயின.

மாணவர்களுக்குக் கூறுவது இன்னொன்று. திரைப்பாட்டைப் பாடுங்கள்; தவறில்லை. ஆனால் ஆண்டுக்கு ஒரு முறையேனும் உங்கள் சொந்தப் பாட்டு ஒன்றை எழுதுங்கள். கிட்டார் இல்லாவிட்டால் தப்பு இருக்கிறது. தப்பும் இல்லாவிட்டால் மேசை இருக்கிறது. பிரட்டு, கொழுந்து, சிரட்டை, லயம் என்ற சொற்களைக் கண்டு கூசாதீர்கள். அட்டைக் கடியையும், ஊருக்குப் போய்த் திரும்பாத மாமனையும், கொழும்புக் கடையில் வேலை செய்யும் அண்ணனின் மாதக் காசையும் நீங்கள் எழுதாவிட்டால் வேறு எவர் எழுதுவார்? ஆசிரியர் வெட்டினால், வெட்டிய சொல்லை மீண்டும் எழுதி, ஏன் அது வேண்டும் என்று எடுத்துச் சொல்லுங்கள். நல்ல ஆசிரியர் கேட்பார்.

எம் மேசை இழுப்பறையில் அம்மாணவனின் முதற் பிரதி இன்னும் இருக்கிறது. சிவப்பு மைக்கு அடியில் அவன் எழுதிய சொற்கள் இன்றும் தெளிவாகவே தெரிகின்றன. அடுத்த விடுமுறைக்கு அவன் ஊர் வரும்போது, அதைப் புதுத் தாளில் அவன் எழுதியவாறே நம் கைப்பட எழுதிக் கொடுக்க எண்ணியிருக்கிறோம். இம்முறை அதை மேடையிற் பாட வேண்டியதில்லை. அவனுடைய லயத்து வாசலில், அவனுடைய தாயார் கேட்கப் பாடினால் போதும்.